கிடார் ஹீரோவும் கிடாரும்

கிடார் ஹீரோ 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த இசை வீடியோ விளையாட்டு. ஹார்மோனிக்ஸ் நிறுவனம் உருவாக்க, ரெட்ஆக்டேன் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக இதை வெளியிட்டது. இதுவும், 2007இல் வந்த ராக் பேண்டும், எந்த இசைக்கருவியும் வாசிக்கத் தெரியாதவர்களை ராக் இசைமேடையில் நிற்பதாக உணரவைத்தன. அதே காரணத்தால் இசைக்கலைஞர்கள் பலரின் எரிச்சலையும் சம்பாதித்தன. பிளாஸ்டிக் கிடாரில் செலவாகும் நேரத்தை உண்மையான கிடாரில் செலவிட்டால் என்ன என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டும் ஒரே பொருளைத் தருகின்றன என்ற எண்ணத்தின் மேல் அது நிற்கிறது. அந்த எண்ணம் சரியா என்பதை ஆட்டமுறையிலிருந்துதான் பார்க்கவேண்டும்.

பின்னணி

ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தை அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரான் எகோசி இருவரும் 1995இல் தொடங்கினர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இவர்களின் நோக்கம், இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கும் இசை நிகழ்த்தும் அனுபவத்தைத் தருவது. இசை விளையாட்டு என்ற வகை அதற்குள் ஜப்பானில் வேரூன்றத் தொடங்கியது. மசாயா மட்சுராவின் பராப்பா த ராப்பர் 1996இல் வந்தது. கொனாமி நிறுவனம் பீட்மேனியா (1997), டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் (1998) ஆகியவற்றை விளையாட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. கிடார் வடிவக் கருவியை வைத்து ஆடும் கிடார்ஃபிரீக்ஸும் கொனாமியின் தயாரிப்பே. கிடார் ஹீரோ இந்த மரபை அமெரிக்க வீட்டு வரவேற்பறைக்கும் ராக் இசைக்கும் இடம் மாற்றியது.

2006இல் ரெட்ஆக்டேனை ஆக்டிவிஷனும், ஹார்மோனிக்ஸை எம்டிவியும் வாங்கின. அதன்பின் கிடார் ஹீரோ வேறு கைகளுக்குச் செல்ல, ஹார்மோனிக்ஸ் ராக் பேண்டை உருவாக்கியது. கிடார், பேஸ், டிரம்ஸ், பாட்டு என நால்வர் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது.

ஆட்டமுறை

கிடார் ஹீரோவின் கருவியில் தந்திகள் கிடையாது. கழுத்துப் பகுதியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பொத்தான்கள் இருக்கும். உடற்பகுதியில், தந்தி இருக்கவேண்டிய இடத்தில், மேலும் கீழும் அசையும் ஒரு பட்டை இருக்கும். திரையில் ஒரு நெடுஞ்சாலை ஆட்டக்காரரை நோக்கி வந்துகொண்டிருக்கும். அதன்மேல் வண்ணப் புள்ளிகள் நகர்ந்து வரும். புள்ளி கோட்டைத் தொடும் கணத்தில், அந்த வண்ணப் பொத்தானை இடக்கை அழுத்தியிருக்க, வலக்கை பட்டையைத் தட்டவேண்டும்.

சரியாகத் தட்டினால் பாட்டின் கிடார் ஒலி கேட்கும். தவறினால் கிடார் ஒலி மட்டும் அறுந்து, ஒரு கரகரப்பு வரும். மற்ற கருவிகள் தொடர்ந்து ஒலிக்கும். தவறுகள் குவிந்தால் பாட்டு நின்றுவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பொத்தானுக்கும் சுரத்துக்கும் நிலையான உறவு இல்லை என்பது. ஒரு பாட்டில் பச்சைப் பொத்தான் தாழ்ந்த சுரத்தைக் குறிக்கும். அடுத்த பகுதியில் அதே பொத்தான் வேறு சுரத்தைக் குறிக்கும். எளிய நிலையில் மூன்று பொத்தான்களே போதும். பத்துச் சுரங்கள் உள்ள இடத்தில் மூன்று முறை தட்டினாலும் காதில் விழுவது முழு வாசிப்பே. கை செய்வது குறைவு, காது பெறுவது முழுமை. இந்த வகையின் ஈர்ப்பும் குறையும் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

ஈர்ப்பின் காரணங்கள்

உண்மையான கிடார் தொடக்கநிலையாளரிடம் இரக்கம் காட்டுவதில்லை. எஃகுத் தந்திகள் விரல்நுனியைக் காயப்படுத்தும். காய்ப்பு ஏறப் பல வாரங்கள் ஆகும். முதலில் சுருதி சேர்க்கத் தெரிய வேண்டும். பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் கார்டுகளைப் பிடிக்கும்போது ஒரு விரல் பக்கத்துத் தந்தியில் பட்டாலே ஒலி செத்துவிடும். ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பிடியைத் தாண்ட முடியாமல் கிடாரை மூலையில் சாத்தியவர்கள் ஏராளம். விரும்பிய பாட்டை அடையாளம் தெரியுமளவுக்கு வாசிக்கும் நாள் தொலைவில் இருக்கிறது. அந்த நாள் வரும் என்பதற்கு உறுதியும் கிடையாது.

விளையாட்டு இந்தக் காத்திருப்பை நீக்கியது. முதல் ஐந்து நிமிடத்திலேயே பாட்டு ஒலிக்கிறது. பிழை எங்கே என்று உடனே தெரிகிறது. அடுத்த படி எது என்றும் தெரிகிறது. தனியறையில் பயிலும் மாணவருக்குக் கிடைக்காத ஒன்றும் இதில் உண்டு. பக்கத்தில் நண்பர்கள் நிற்கிறார்கள். ராக் பேண்டில் ஒருவர் திணறும்போது மற்றொருவர் அவரை மீட்டு மீண்டும் ஆட்டத்துக்குள் கொண்டுவரலாம். கூட்டு இசையின் தோழமையை இவ்வளவு விரைவாகத் தரும் பயிற்சி முறை வேறொன்றைக் காட்டுவது கடினம்.

எதிர்ப்புகள்

பாடகரும் கிடார் கலைஞருமான பிரின்ஸ் தம் பாடல்களை இவ்விளையாட்டுக்குத் தர மறுத்தார். பிள்ளைகள் உண்மையில் கிடார் கற்பதே முக்கியம் என்பது அவர் சொன்ன காரணம். பிங்க் ஃபிளாய்டின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனும், ரோலிங் ஸ்டோன்ஸின் முன்னாள் பேஸ் கலைஞர் பில் வைமனும் 2009இல் இதே கருத்தைக் கூறினர். 2007இல் சவுத் பார்க் என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடர் இந்த முரணை நகைச்சுவையாக்கியது. அதில் ஒரு தந்தை தம் மகனின் நண்பர்கள் முன் உண்மையான கிடாரை எடுத்து அதே பாட்டை வாசித்துக் காட்டுவார். பிள்ளைகளுக்கு அதில் ஆர்வமே இருக்காது.

இந்த அச்சம் புதியதன்று. ஃபோனோகிராஃபும் தானாக வாசிக்கும் பியானோவும் பரவிய காலத்தில், அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஃபிலிப் சூசா இயந்திர இசையின் ஆபத்தைப் பற்றி 1906இல் ஒரு கட்டுரை எழுதினார். பொத்தானைத் திருகினால் இசை வரும் என்றால் குழந்தைகள் ஏன் பயிற்சி செய்யப்போகிறார்கள் என்பதே அவருடைய கவலையும்.

அன்றைய பியானோலாவை கிடார் ஹீரோவின் மூதாதை எனலாம். துளையிட்ட காகிதச் சுருள் சுரங்களைத் தீர்மானிக்கும். அமர்ந்திருப்பவர் காலால் மிதித்துக் காற்றைச் செலுத்துவார். கையால் நெம்புகோல்களை அசைத்து வேகத்தையும் ஒலியளவையும் மாற்றுவார். சுரம் இயந்திரத்துடையது, நடையும் அழுத்தமும் மனிதருடையவை. கிடார் ஹீரோவில் அந்த அளவு சுதந்திரமும் இல்லை. பாட்டின் வேகத்தை ஆட்டக்காரர் மாற்ற முடியாது. அதற்குப் பணியத்தான் முடியும்.

மறுபக்கத்தில், இசை இனவரைவியலாளர் கிரி மில்லர் இந்த ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2012இல் பிளேயிங் அலாங் என்ற நூலை வெளியிட்டார். பதிவுசெய்யப்பட்ட ஒலியையும் உயிருள்ள உடலின் அசைவையும் ஒட்டவைக்கும் ஒருவகை நிகழ்த்துதலாக அவர் இதைக் காண்கிறார். ஆட்டக்காரர்கள் தாங்கள் கிடார் வாசிக்கவில்லை என்பதை நன்கு அறிந்தே ஆடுகிறார்கள் என்பதை அவர் ஆய்வு காட்டுகிறது. ஏமாற்று என்ற குற்றச்சாட்டுக்கு இது போதிய பதில். ஏமாறுபவர் இல்லாத இடத்தில் ஏமாற்று இல்லை.

எது கற்கப்படுகிறது

ஒவ்வொரு கருவிக்கும் பதில் வேறுபடும். ராக் பேண்டின் டிரம்ஸில் நான்கு தட்டுகளும் ஒரு கால்மிதியும் உள்ளன. கைகள் ஒரு தாளத்திலும் கால் வேறொன்றிலும் இயங்கவேண்டும். இது உண்மையான டிரம்ஸ் மாணவர் முதலில் கற்கும் பாடமே. அடியின் அழுத்த வேறுபாடும் ஒலியின் நயமும் இதில் வராது. ஆனால் கற்ற கைகால் ஒழுங்கு வீணாகாது. பாட்டில் ஆட்டக்காரர் தம் குரலாலேயே பாடுகிறார். விளையாட்டு பெரும்பாலும் சுருதியை மட்டுமே அளக்கிறது. சொல்லும் பாவமும் அதன் கணக்கில் இல்லை. கிடாரில் மிஞ்சுவது லயமும் இரு கைகளின் ஒத்திசைவும் மட்டுமே. ஐந்து பொத்தான்களில் தேர்ந்தவர் ஆறு தந்திகளின் முன் புதியவராகவே அமர்கிறார்.

மூன்றிலும் பொதுவாகக் கிடைப்பது கேட்கும் பயிற்சி. சாதாரண ரசிகர் ஒரு பாட்டை ஒரே ஒலியாகக் கேட்கிறார். பேஸ் பகுதியை இருபது முறை ஆடியவருக்கு அந்தக் கருவி பாட்டுக்குள் எங்கே நுழைகிறது, எங்கே ஒதுங்குகிறது என்பது தெரிந்துவிடுகிறது. 2009இல் வந்த த பீட்டில்ஸ்: ராக் பேண்ட் இதற்குச் சிறந்த சான்று. 45 பாடல்கள் கொண்ட அதில் மூன்று குரல்கள் இணைந்து பாடும் பகுதிகளைத் தனித்தனியே பாடிப் பார்க்கலாம். பல ஆண்டுகள் கேட்ட பாட்டின் உள்ளமைப்பு அங்கே திறக்கிறது. சபாவில் தொடையில் தாளம் போட்டபடி கேட்கும் ரசிகரின் நிலைக்கு இது நெருக்கமானது. அவர் கச்சேரி செய்யவில்லை; ஆனால் கையால் கேட்கிறார். அவரைப் பார்த்து மிருதங்கம் கற்றிருக்கலாமே என்று யாரும் கடிந்துகொள்வதில்லை.

பிழையின் இடம்

அப்படியானால் விளையாட்டில் குறையே இல்லையா? உண்டு. அது எதிர்ப்பாளர்கள் சுட்டிய இடத்தில் இல்லை. இவ்விளையாட்டுகளில் ஆட்டக்காரருக்குச் சொந்தமான பிழை என்று ஒன்று இல்லை. கிடாரில் விரல் தவறினால் வேறொரு சுரம் கேட்கும். அது அசிங்கமாக இருக்கலாம். சில நேரம் எதிர்பாராத அழகோடும் இருக்கலாம். எப்படியானாலும் அது வாசித்தவரின் ஒலி. அதைத் திருத்துவதா, வைத்துக்கொள்வதா என்று அவர் முடிவு செய்கிறார். புதிய மெட்டுகள் பலவும் இவ்வாறு தடுமாறிய விரல்களிலிருந்து வந்தவையே. விளையாட்டில் பிழைக்குக் கிடைப்பது மௌனமும் கரகரப்பும். பாட்டு ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஆட்டக்காரர் அதை வெளிப்படுத்தலாம் அல்லது கெடுக்கலாம், கூட்ட முடியாது.

2015இல் வந்த ராக் பேண்ட் 4 இந்தக் குறையைப் போக்க முயன்றது. கிடார் தனிவாசிப்பு வரும் இடத்தில் ஆட்டக்காரர் விருப்பம்போல் வாசிக்க வழி செய்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பாட்டுக்குப் பொருந்தும் ஒலியே வரும்படி அமைத்தனர். முன்பு சொந்தமாக எதுவும் வாசிக்க இடமில்லை; இப்போது தவறாக வாசிக்க இடமில்லை. இரண்டிலும் முடிவு ஒன்றே. தவறும் வாய்ப்பு இல்லாத இடத்தில் சரியாக வாசித்தேன் என்று சொல்லவும் வழியில்லை.

கருவியின் ஆயுள்

2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கிடார் ஹீரோ பிரிவை மூடியது. 2015இல் கிடார் ஹீரோ லைவ் என்ற பெயரில் தொடர் மீண்டும் வந்தபோது, பொத்தான்கள் ஆறாகி இரு வரிசைகளில் அமைந்தன. பழைய கருவிகள் அதற்குப் பொருந்தவில்லை. பழைய விரல் பழக்கமும் பொருந்தவில்லை. அதன் பாடல்களில் பெரும்பாலானவை இணையம்வழி வந்தவை. 2018 டிசம்பரில் அச்சேவை நிறுத்தப்பட்டதும், வட்டில் இருந்த 42 பாடல்களே ஆட்டக்காரருக்கு மிஞ்சின.

இந்த இடத்தில்தான் பிளாஸ்டிக்கும் மரமும் உண்மையாகப் பிரிகின்றன. அறுபது ஆண்டுப் பழைய கிடாருக்குப் புதுத் தந்தி மாட்டினால் அது ஒலிக்கும். அதைக் கற்றவரின் திறமை எந்த நிறுவனத்தின் முடிவையும் சார்ந்திருப்பதில்லை. விளையாட்டில் ஈட்டிய திறமை வேறொருவரின் சர்வரில் வாடகைக்கு இருக்கிறது. ரசிகர்கள் தாமே உருவாக்கிய குளோன் ஹீரோ என்ற இலவச மென்பொருள் பழைய ஐந்து பொத்தான் கருவிகளுக்கு மறுவாழ்வு தந்துள்ளது. திறமையை இழக்க விரும்பாதவர்கள் அதைக் காப்பாற்றிக்கொண்ட கதை அது.

ராக்ஸ்மித்

யூபிசாஃப்ட் 2011இல் வெளியிட்ட ராக்ஸ்மித், உண்மையான மின்கிடாரையே சிறப்புக் கேபிள் மூலம் விளையாட்டோடு இணைத்தது. முதலில் சில சுரங்களை மட்டும் கேட்கும். ஆட்டக்காரர் தேறத் தேறச் சுரங்களைக் கூட்டும். தொடக்கநிலையாளரின் தனிமையையும் சலிப்பையும் இது ஓரளவு போக்கியது. ஆனால் மணிக்கட்டு வளைந்திருப்பதையோ தோள் இறுகியிருப்பதையோ அது காணாது. ஆசிரியர் முதல் பார்வையில் திருத்தும் குறைகள் அவை.

அடுத்து வந்த ராக்ஸ்மித் 2014இல் இரண்டு வசதிகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்றில், பாட்டு மனப்பாடமாக ஆக, திரையிலுள்ள குறிப்புகள் மறைந்துவிடும். மற்றொன்றில் பாட்டே இல்லை. ஆட்டக்காரர் விரும்பியதை வாசிக்க, கணினிக் குழு அவரைப் பின்தொடரும். இசைக்கருவியை நெருங்க விரும்பிய விளையாட்டு, தன் நெடுஞ்சாலையைத் தானே அழிக்க வேண்டியிருந்தது.

மதிப்பீடு

இசை வீடியோ விளையாட்டுகள் இசைக்கருவிக்குப் போட்டி என்று கருதியவர்கள் அவற்றை மிகையாக மதித்தார்கள். வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளியவர்கள் குறைத்து மதித்தார்கள். கூர்ந்து கேட்பதை உடலின் செயலாக மாற்றியதும், இசைக்கு வெளியே நின்றவர்களை உள்ளே அழைத்ததும் அவற்றின் சாதனைகள். கேட்பவராக இருக்க விரும்புபவருக்கு அதுவே போதும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. தமக்கென்று ஓர் ஒலி வேண்டும் என்று தோன்றும் நாளில் அவர் விரல் வலிக்கும் தந்திகளிடம்தான் போகவேண்டும். அங்கே அவர் வாசிக்கும் முதல் சுரம் அநேகமாகத் தவறாகவே இருக்கும். அதுவே அவருடைய முதல் சொந்தச் சுரம்.