சபராளியும் அகதியும்: ஈரானியப் புலம்பெயர் எழுத்தை முன்வைத்து

'சபர்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். சீர்காழி தொடங்கி நாகூர் வரையிலுமுள்ள நமது ஊர்களில், கடல் கடந்து பொருளீட்டச் சென்றவரைச் 'சபராளி' என்பர். பயணம் போனவர் வீடு திரும்புவார் என்ற எதிர்பார்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றது. 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஈரானை விட்டு வெளியேறியவர்களுள் பலருக்கு இத்தகைய திரும்புதல் வாய்க்கவில்லை. அவர்தம் எழுத்தை வாசிக்கப் புகும் நாம் இவ்வேறுபாட்டை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

ஈரான் நமக்கு அத்துணை அந்நியமான நிலமுமன்று. தொழுகை, நோன்பு எனத் தூய தமிழில் வழங்கும் நாம், தொழுகைக்கான அழைப்பை மட்டும் 'பாங்கு' என்கிறோம். அது பாரசீகச் சொல். தர்காவும் கந்தூரியும் அவ்வாறே வந்தவை.

மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' 2000 முதல் 2003 வரை நான்கு பகுதிகளாகப் பிரெஞ்சில் வெளிவந்த சித்திர நூல். தமிழில் இதனை விடியல் பதிப்பகம் வெளியிட்டது. ஆசார் நஃபீசியின் 'தெஹ்ரானில் லோலிதாவை வாசித்தல்' 2003இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஈராக் மீது படையெடுப்பு நிகழ்ந்த ஆண்டும் அதுவே. முஸ்லிம் பெண்ணை மீட்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வல்லரசின் வாசகர் அந்நூலை எவ்வாறு வாசித்திருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஹமீத் தபாஷி 2006இல் எழுதிய கட்டுரையில், நஃபீசியைப் பேரரசுக்குத் தகவல் சொல்லும் உள்ளூர்க்காரர் என்ற வகையில் வைத்துக் கடுமையாகச் சாடினார். ஃபாத்திமா கேஷாவர்ஸ் 2007இல் எழுதிய மறுப்பு நூல் இதனினும் பொறுமையானது. நஃபீசியின் பக்கங்களில் இடம்பெறாத ஈரானிய இலக்கிய வாழ்வை அவர் எடுத்துக் காட்டினார். நமது மதிப்பீட்டில், தபாஷியின் சீற்றத்தைக் காட்டிலும் கேஷாவர்ஸின் வழியே விமர்சனத்திற்கு உகந்தது.

சத்ரபியை இவ்வழக்கில் எளிதாகச் சேர்த்துவிட இயலாது. கட்டாயமாகத் திணிக்கப்பட்ட முக்காட்டிலிருந்து தம் நூலைத் தொடங்கிய அதே எழுத்தாளர், பிரெஞ்சுப் பள்ளிகளில் முக்காட்டைத் தடைசெய்யும் சட்டம் 2004இல் நிறைவேறுமுன், 2003 டிசம்பரிலேயே அத்தடையை எதிர்த்து எழுதினார். பெண்ணின் தலையின்மீது அரசு அதிகாரம் கொள்வதே அவருக்குச் சிக்கல். அவ்வரசு எத்தகையது என்பது அவருக்கு அடுத்த கேள்வியே. இந்நிலைப்பாட்டின் அருமையை நாம் 2022இல் உணர்ந்தோம். அவ்வாண்டு மார்ச்சில் கல்வி நிலையங்களில் ஹிஜாபுக்கான தடையைக் கர்நாடக உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. செப்டம்பரில் தெஹ்ரானில் காவலில் இருந்த மஹ்சா அமீனி இறந்தார். முதலாவதற்குக் கொதித்தெழுந்த நம்மவருள் எத்தனை பேர் இரண்டாவதற்கு வாய் திறந்தோம்? இரண்டாவதைக் கொண்டாடி எழுதிய பிறர் முதலாவதைக் கண்டுகொள்ளாததும் மெய்தான். எனினும் அவர்தம் மௌனம் நமது மௌனத்திற்குச் சான்றாகாது.

இனி நம் சபராளி எழுத்து. ஆபிதீனின் 'உயிர்த்தலம்' கதைகள், நாகூர் ரூமியின் 'கப்பலுக்குப் போன மச்சான்', குமரி மாவட்டத்து மீரான் மைதீனின் 'அஜ்னபி' ஆகியன வளைகுடா வாழ்வை எழுதியவை. பாரீசுக்குச் சென்ற ஈரானியருக்குக் குடியுரிமை கிட்டலாம். துபாயிலோ ரியாத்திலோ முப்பதாண்டு உழைத்த நம்மவர்க்கு இகாமாவும் கஃபீலின் தயவுமே மிச்சம். தம்மைப் போலவே தொழும் மக்களிடையே அவர் அஜ்னபியாக, அதாவது அந்நியராக நிற்கின்றார். 'உம்மத்' என்ற சொல்லை மேடையில் முழங்குவோர் இக்கதைகளை ஒருமுறையேனும் வாசித்தல் நன்று. மேற்கத்திய வாசகருக்கு விளக்கம் சொல்லும் சுமை இவர்களுக்கு இல்லை. நாகூரின் பேச்சுமொழியை அடிக்குறிப்பு தேடாமல் ஆபிதீன் எழுதிச் செல்வது அதனாற்றான்.

ஆயினும் இவை ஆண்களின் நூல்கள். ஆண்கள் பிழைப்புக்கு வெளியேறிய வீடுகளின் உட்புறத்தைச் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் திறந்து காட்டியபோது, 'நம் வீட்டுச் சங்கதியை ஊரறியச் செய்துவிட்டார்' என்ற முணுமுணுப்பு நம்மிடையே எழுந்தது. நஃபீசி மீது தபாஷி சுமத்திய அதே குற்றச்சாட்டுத்தான், பேரரசு மட்டும் இல்லை. சல்மா தமிழில் எழுதினார். அவருடைய முதல் வாசகர் நாமே. வீட்டாரிடமே வீட்டைப் பற்றிப் பேசிய ஒருவரை எந்த ஊருக்குக் காட்டிக்கொடுத்ததாக நாம் குறைசொன்னோம் என்பதற்கு அன்று முணுமுணுத்தவர்கள் இன்னும் விடை தரவில்லை.