பதினாறாவது குழி

நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி காஸ்மாபாலிடன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. தினமும் அந்த வழியே பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம் பதினெட்டுக் குழி ஆட்டம் நடப்பது தெரியாது. கிண்டி ரேஸ்கோர்ஸில் குதிரை ஓடும் வட்டத்துக்குள்ளேயே ஜிம்கானா கிளப்காரர்கள் கோல்ஃப் ஆடினார்கள் என்பதும் தெரியாது. கிரிக்கெட்டுக்குச் சேப்பாக்கம் உண்டு. செஸ் வீட்டுக்கு வீடு உண்டு. கோல்ஃப் என்றால் மட்டும், பணக்காரர்கள் தொப்பையைக் குறைக்க நடப்பது என்று மயிலாப்பூரில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். நண்பர் ஒருவரோடு ஒரு நாள் காலை நந்தனம் மைதானத்துக்குள் போனபோதுதான் மனசு மாறியது. மாற்றியவர் ஒரு கேடி. போலீஸ் ஸ்டேஷன் பலகையில் படம் ஒட்டியிருக்கும் கேடி அல்ல. ஆடுகிறவரின் பையைச் சுமந்துகொண்டு, எந்த இடத்தில் எந்த மட்டை என்று யோசனையும் சொல்கிற கேடி. பந்து போன திசையில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்ற என்னிடம் அவர் சொன்னார்: "பந்த பாக்காதீங்க சார். அடிச்சப்புறம் அவரு எப்படி நிக்கிறாருன்னு பாருங்க. அதுலயே தெரிஞ்சிடும்."

அந்தப் பாடத்தோடு நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆட்டம் ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு ஜூன் 15 முதல் 18 வரை, கலிபோர்னியாவில் பசிபிக் கடலோரம் பெபிள் பீச் மைதானத்தில் நடந்த நூறாவது யு.எஸ். ஓப்பன். அதில் ஜெயித்த டைகர் வுட்ஸுக்கு அப்போது வயது 24. அங்கே ஞாயிறு மாலை என்றால் இங்கே திங்கட்கிழமை விடியல், பால் பாக்கெட் வரும் நேரம். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. பிற்பாடு யூடியூபில் பார்த்ததுதான்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைப் போட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் பார். ஓர் அடி குறைந்தால் பேர்டி, கூடினால் போகி. நான்கு நாள், 72 குழி, மொத்தத்தில் குறைவாக அடித்தவருக்குப் பட்டம். யு.எஸ். ஓப்பனை நடத்துகிறவர்கள் பாரை எட்டுவதையே பெரும்பாடாக்கி வைப்பார்கள். நடுவே குறுகலான வெட்டுப் புல், இருபுறமும் பந்தை விழுங்கும் அடர்புல், குழி இருக்கும் பச்சைத் திடலோ சிமெண்ட் தரை போல இறுகியது. பெபிள் பீச்சில் அந்தப் பச்சைகள் சின்னவை. பிற்பகலில் புல் வளர்ந்து மேடு பள்ளம் தட்டும். போதாததற்குக் கடல்காற்று.

அங்கே டைகர் அடித்த கணக்கு 65, 69, 71, 67. மொத்தம் 272, பாருக்கு 12 குறைவு. இரண்டாமிடம் தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸுக்கும் ஸ்பெயினின் மிகேல் ஏஞ்சல் ஹிமேனஸுக்கும். அவர்கள் பாருக்கு 3 அதிகம். வித்தியாசம் 15. பாருக்குக் கீழே முடித்தவர் போட்டியிலேயே அவர் ஒருவர்தான். இப்படிப்பட்ட பெரும்பட்டப் போட்டிகளில் அதுவரை இருந்த அதிக வித்தியாசம் 13. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் ஓல்டு டாம் மாரிஸ் 1862-இல் வைத்தது. எதிரில் இருந்தவர்கள் சோப்ளாங்கிகளும் அல்ல. எல்ஸ் இந்தப் பட்டத்தையே இரண்டு முறை வாங்கியவர். அந்த ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றிருந்த ஃபிஜித் தீவின் விஜய் சிங்கும் களத்தில் இருந்தார்.

'பதினைந்து வித்தியாசத்தில் ஜெயித்தால் பார்க்க என்ன இருக்கிறது? கடைசிப் பந்து வரை இழுத்தால்தானே ஆட்டம்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கச்சேரியில் யார் ஜெயித்தார்கள் என்று நாம் கேட்பதில்லையே. யார் முந்துவார் என்ற பதைபதைப்பு இருக்கும்வரை கண் ஸ்கோர் போர்டில்தான் நிற்கும். அது அடங்கிய பிறகுதான் கை தெரியும்.

அந்தக் கையைப் பார்க்க மூன்று இடங்கள்.

முதலாவது, இரண்டாம் சுற்றின் ஆறாவது குழி. பந்து ஈர அடர்புல்லில் புதைந்து கிடக்கிறது. எதிரே செங்குத்தாக ஏறும் மேடு, குறுக்கே மரம், வலப்பக்கம் கடல். யாராக இருந்தாலும் ஒரு தட்டுத் தட்டி வெளியே எடுத்துக்கொண்டு, அடுத்த அடியைப் பார்ப்பார்கள். டைகர் செவன் அயர்ன் மட்டையை எடுத்தார். புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்துத் திருப்பப் பார்க்கும். அதை அறுத்துக்கொண்டு மட்டை போக வேண்டும். போயிற்று. பந்து மேட்டைத் தாண்டிப் பச்சையில் போய் இறங்கியது. களத்தில் நின்ற வர்ணனையாளர், இது சமமான சண்டையே இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்தது அடித்த பிறகான நிலை. அத்தனை முரட்டு அடியில் உடம்பு முழுக்க முறுக்கிச் சுழன்றும் கால் தடுமாறவில்லை.

இரண்டாவது, மூன்றாம் சுற்றின் மூன்றாவது குழி. நான்கில் முடிக்க வேண்டியதற்கு ஏழு அடித்தார். பந்து அடர்புல்லில் மாட்டிக்கொண்டு, ஒரு வெட்டுக்கு நகரவே மாட்டேன் என்றது. காற்று எல்லாரையும் கலைத்துக்கொண்டிருந்த நாள். ஸ்ருதி விலகிய பாடகர் பதறி மேலே மேலே சங்கதி போடுவது நாம் பார்க்காததா? இவர் பதறவில்லை. போன மூன்றையும் மீட்டு, சரியாகப் பார் கணக்கான 71-இல் முடித்தார். காலையில் ஆறாக இருந்த முன்னிலை மாலையில் பத்தானது.

பதறாத மனுஷன் என்றும் சொல்லிவிட முடியாது. சனிக்கிழமை காலை, மிச்சமிருந்த இரண்டாம் சுற்றை முடிக்கும்போது, பதினெட்டாவது குழியில் பந்தைக் கடலில் அடித்துவிட்டு, டிவி கேட்கக் கெட்ட வார்த்தை சொன்னார். அப்போது பையில் ஒரே ஒரு பந்துதான் மீதி. முந்தின இரவு ஓட்டல் அறையில் பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் தட்டு, பழகிவிட்டுப் பந்துகளை அங்கேயே விட்டுவிட்டார். அது தெரிந்தவர் கேடி ஸ்டீவ் வில்லியம்ஸ் மட்டும். சொல்லாமல் விழுங்கிக்கொண்டு அடுத்த பந்தை நீட்டினார். அதே டிரைவர் மட்டையால் இன்னொரு முறை ஓங்கி அடித்து, ஒரு போகியோடு கரையேறினார் டைகர். நந்தனம் கேடியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "அவருக்கு எப்படி வேர்த்திருக்கும்!" என்றார். 'அவர்' என்று அவர் சொன்னது டைகரை அல்ல.

மூன்றாவது இடம்தான் தலைப்பில் இருப்பது. கடைசி நாள் பத்து அடி முன்னிலையோடு இறங்கியவர், முதல் ஒன்பது குழிகளையும் வரிசையாகப் பாரில் முடித்தார். பிறகு 10, 12, 13, 14-இல் பேர்டி. அத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டது. பதினாறாவது குழியில் பாருக்காக ஒரு பட் மிச்சம், ஏறக்குறைய ஐந்து கெஜம். விட்டால் போகி. விட்டால்தான் என்ன? ஓர் அடியில் ஜெயித்தாலும் பதினைந்தில் ஜெயித்தாலும் அதே எட்டு லட்சம் டாலர், அதே கோப்பை. ஆனால் கடைசிச் சுற்றில் ஒரு போகிகூட இருக்கக் கூடாது என்று அவர் தனக்குத்தானே ஒரு விரதம் வைத்திருந்தார்.

குனிந்து நிற்கிறார். தலை அசையவில்லை, தோள்கள் மட்டும் ஊசல் போல ஒரு சின்ன ஆட்டம். பந்து உருண்டு போய் விழுகிறது. உலகக் கோப்பையின் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தவர் மாதிரி முஷ்டியை முறுக்குகிறார்.

நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் கான்டீனுக்கு எழுந்துவிடும். மிருதங்கக்காரர் காலி நாற்காலிகளைப் பார்க்காமல், கோர்வையை ஒரு மாத்திரை பிசகாமல் சமத்தில் கொண்டுவந்து வைப்பார். அதைக் கேட்க உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த முஷ்டி புரியும்.

இதற்குப் பின்னால் இருந்தது அசுர சாதகம். 1997-இல் மாஸ்டர்ஸை 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்தவர், அதற்குப் பிறகு பயிற்சியாளர் புட்ச் ஹார்மனோடு உட்கார்ந்து தன் வீச்சைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார். கைதட்டு வாங்கிய பாணியைக் கச்சேரி உச்சத்தில் இருக்கும்போது மாற்ற எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் 1998 முழுக்க ஒரே ஒரு வெற்றிதான் கிடைத்தது. பெபிள் பீச்சிலும் போட்டிக்கு முந்தைய மாலை, பந்து உருளும் விதம் மனசுக்குப் பிடிக்காமல் பட்டிங் திடலில் நெடுநேரம் நின்றார். அந்த மேடு பள்ளப் பச்சைகளில் 72 குழியிலும் ஒரு முறைகூட மூன்று பட் எடுக்கவில்லை. பதினைந்து வித்தியாசத்தைவிட இந்தப் பூஜ்யத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பதினைந்தில் மற்றவர்கள் சறுக்கியதற்கும் பங்கு உண்டு. பூஜ்யம் முழுக்க அவருடையது.

அந்தக் கடைசிச் சுற்று இணையத்தில் கிடைக்கிறது. முழுவதும் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் பதினாறாவது குழிக்கு நேராகப் போங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அது விழுந்த பிறகு அவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள்.