ஹடொக்கின் வீடும் பக்காரின் வீடுகளும்

பெல்ஜிய ஓவியர் எர்ஜே (ஜோர்ஜ் ரெமி, 1907–1983) படைத்த ரின்ரின் சித்திரக்கதைகளில் மூன்றை இணைத்து ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் 2011 இல் ஒரு சாகசப் படம் எடுத்தார். தயாரிப்பில் பீற்றர் ஜாக்சனும் சேர்ந்துகொண்டார். நடிகர்களின் உடலசைவுகளைக் கணினியிற் பதிந்து, அவற்றின்மேல் சித்திர உருவங்களைப் போர்த்திச் செய்த படம் இது. தொழில்நுட்பத்தைப் பலரும் பாராட்டிவிட்டார்கள். 2012 இல் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. இப்படம் யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்க்காமல் விடுகிறது என்பதையே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

கப்பற் தலைவன் ஹடொக் குடியில் மூழ்கித் தன் முன்னோரின் கதையை மறந்துபோனவன். போதை தெளிய ஞாபகம் மீள்கிறது. மூன்று மாதிரிக் கப்பல்களுக்குள் மறைத்து வைக்கப்பட்ட மூன்று தோற்சுருள்கள் அவனைக் கடைசியில் மூதாதையரின் வீட்டு நிலவறைக்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. ஊரில் வீட்டை விட்டுவிட்டு, காணி உறுதியை மட்டும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த நம்மைப் போன்றவர்களுக்கு இக்கதை நெஞ்சில் தைக்காமற் போகாது.

ஆனால் இந்த மீட்சிக்குப் படம் சொல்லும் காரணம் வேறு. எர்ஜேயின் புத்தகத்தில் சகாரின் மாதிரிக் கப்பல்கள் சேகரிக்கும் ஒரு அப்பாவி மனிதர். படத்திலோ அவரே வில்லன். கடற்கொள்ளையன் சிவப்பு ரக்கமின் வழித்தோன்றல். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் முடிந்த சண்டையைப் பேரப்பிள்ளைகள் மறுபடியும் போடுகிறார்கள். புத்தகத்தில் புதிரை அவிழ்ப்பது அறிவு. வீட்டை மீட்பதும், பேராசிரியர் கல்குலஸ் தன் நீர்மூழ்கிக் கண்டுபிடிப்பை விற்றுப் பெற்ற பணம். படத்தில் அந்தப் பேராசிரியரே இல்லை. இரத்தம் மட்டும் இருக்கிறது.

இந்த இரத்தம் எவ்வளவு உறுதியானது? பிரெஞ்சு மூலத்தில் ஹடொக்கின் மூதாதை பதினான்காம் லூயி மன்னனின் கப்பற் தலைவன். ஆங்கில மொழிபெயர்ப்பிலோ அவர் இரண்டாம் சாள்ஸின் ஆளாகிவிட்டார்; மூலன்சார் மாளிகையும் மார்லின்ஸ்பைக் ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பாளரின் பேனாமுனையில் ஒரு வம்சமே நாடு மாறியிருக்கிறது. வம்சப் பெருமை பற்றி எம்மவர் மண்டபங்களில் முழங்கும்போதும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

படத்தின் மிகப் பேசப்பட்ட பகுதி, பக்கார் என்ற கற்பனை மொறோக்கோ நகரில் நடக்கும் துரத்தல். வெட்டின்றி ஒரே ஓட்டமாகச் செல்லும் காட்சி அது. அணை உடைந்து வெள்ளம் நகருக்குள் பாய்கிறது. ஒரு கவசவாகனம் விடுதியொன்றின் கட்டடத்தையே இழுத்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்குகிறது. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டில் பிள்ளைகளோடு இருந்து இதைப் பார்த்தோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நமக்கும் சிரிப்பு வந்தது. பின்னாலிருந்த அம்மம்மா மட்டும், "உந்தச் சனமெல்லாம் எங்க போச்சுதுகள்?" என்று கேட்டார். படத்திடம் இதற்குப் பதில் இல்லை. கமரா தோற்சுருள்களின் பின்னால் பறந்துவிடுகிறது. அந்த ஊருக்குத் திரும்பி வருவதேயில்லை. ஒரு பிரபுவின் வீட்டுக்கு மூன்று நூற்றாண்டு ஞாபகம்; ஒரு நகரத்து வீடுகளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை.

சாகசக் கதைகள் இப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்லலாம். எர்ஜேயின் வாழ்க்கையே அதை மறுக்கிறது. 1930–31 இல் வெளிவந்த 'கொங்கோவில் ரின்ரின்' அப்பட்டமான குடியேற்றவாதக் கதை. அதற்கெதிராகக் கொங்கோவைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கை பெல்ஜிய நீதிமன்றம் 2012 இல் தள்ளுபடி செய்தது. ஆயினும் அப்புத்தகத்தின் நிறவாதம் மறையவில்லை. அதே எர்ஜே 1934 இல் சாங் சொங்ரென் என்ற சீன மாணவரைச் சந்தித்தார். அவரிடம் கேட்டுக் கற்றபின் வரைந்த 'நீலத் தாமரை'யில் யப்பானிய ஆக்கிரமிப்பு சீன மக்களின் பக்கத்திலிருந்து காட்டப்படுகிறது. சுவர்களிலுள்ள சீன எழுத்துக்கள் வெறும் கிறுக்கல்களல்ல, அர்த்தமுள்ள வாசகங்கள். பென்சிலும் மையும் மட்டும் வைத்திருந்த ஒரு பத்திரிகை ஓவியரால் தன் பார்வையை மாற்ற முடிந்திருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், இத்தனை கணினிகளோடு செய்யப்பட்ட பக்கார் நகரத்தின் மக்களோ ஓடுவதற்கும் விலகுவதற்கும் மட்டுமே வருகிறார்கள்.

பிள்ளைகள் இப்படத்தைப் பார்க்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. பார்க்கட்டும், சிரிக்கட்டும். கூடவே 'நீலத் தாமரை'யையும் எடுத்துக் கொடுப்போம். ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் பிள்ளைகள், வெள்ளம் வடிந்தபின் பக்காரில் என்ன நடந்திருக்கும் என்று கேட்கப் பழகினால் அதுவே போதும்.