பன்னிரண்டு கோயில்களுக்கு நடுவே

குமரி மாவட்டத்தில் ஆறு, மலையடிவாரம், கிராமம் என்று இரண்டு நாள் நடக்கவேண்டும், எங்கே போகலாம் என்று கேட்கிறீர்களா? மகா சிவராத்திரிக்கு வாருங்கள். சிவாலய ஓட்டம் ஓடுங்கள். பக்தி இல்லையா? பாதகமில்லை. கால் இருந்தால் போதும்.

மலையேற்றத்துக்கு இப்போது மவுசு கூடிவிட்டது. தமிழக அரசே 2024 அக்டோபரில் 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. இங்குள்ள காளிகேசமும் அதில் உண்டு. நல்ல காரியம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, வழிகாட்டி எதற்கு, அனுமதி எதற்கு என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்த நடையில் மரம் தெரியும், பறவை தெரியும், ஊர் தெரியாது.

சிவாலய ஓட்டம் ஊர்களின் வழியாகவே போவது. முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடியும். நாஞ்சில் நாட்டு வயல்வெளி அல்ல. பழைய விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் மேடும் பள்ளமும். ஆற்றங்கரைத் திக்குறிச்சி, அருவி விழும் திற்பரப்பு, குடைவரை உள்ள திருநந்திக்கரை, ரப்பர் தோட்டங்கள் தாண்டி, திருவிதாங்கூரின் பழைய தலைநகரமான பத்மநாபபுரத்தைத் தொடும் கல்குளம். மொத்தம் 12 கோயில்கள். நூறு கிலோமீட்டருக்கு முன்னே பின்னே வரும். காவி வேட்டி, இடுப்பில் திருநீற்றுப் பை, கையில் பனையோலை விசிறி. சிவனைப் பார்க்க ஓடுகிறவர்கள் கூவுவது 'கோவிந்தா, கோபாலா!' அதனால் இவர்களுக்குக் கோவிந்தன்மார் என்றே பெயர்.

காரணம் ஒரு கதை. பெருமாள் பெயரைக் கேட்டாலே சீறும் சிவபக்தன் புருஷாமிருகம். அதனிடம் போய் பீமன் 'கோவிந்தா, கோபாலா' என்று கத்துகிறான். அது துரத்துகிறது. பிடிபடப்போகும் இடத்திலெல்லாம் கிருஷ்ணன் கொடுத்த ருத்திராட்சத்தில் ஒன்றைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிவிட, புருஷாமிருகம் பூசை செய்ய நின்றுவிடுகிறது. பீமன் மறுபடி ஓடுகிறான். அப்படிப் பன்னிரண்டு.

கவனித்தீர்களா? கோயில் இருந்ததால் ஓட்டம் வரவில்லை. ஓடியதால்தான் கோயில் வந்தது.

இப்போது பாதிக்கூட்டம் பைக்கிலும் வேனிலும் போகிறது. 'பன்னெண்டும் கும்பிட்டாச்சு, சாயங்காலம் வீட்டுக்கும் வந்தாச்சு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். வயதானவர்கள், முட்டுவலிக்காரர்கள் வண்டியில் போகட்டும். யார் வேண்டாம் என்றது? இருபது வயதுப் பையன், சைலன்சரை அலறவிட்டு, வெறுங்காலோடு ஓடுகிறவரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பெயர் என்ன? ஓட்டம் அல்ல, டெலிவரி.

சுற்றுலாக் கையேடுகளும் இதையேதான் செய்கின்றன. பன்னிரண்டு பெயர், இடையில் எத்தனை கிலோமீட்டர், தீர்ந்தது. அந்தக் கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. அங்கேதான் நடுராத்திரியில் வாசலில் விளக்கு வைத்து, அண்டாவில் மோரும் பானகமும் சுக்குத் தண்ணியும் வைத்துக்கொண்டு ஜனங்கள் காத்திருக்கிறார்கள். நீங்கள் என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்டா டம்ளரை நீட்டுகிறார்கள்? ஓடி வந்தவனுக்குத் தாகம் இருக்கும், அவ்வளவுதான் கணக்கு. பைக்கில் போகிறவனுக்குத் தாகம் இல்லை. இவர்கள் அண்டாவோடு நிற்கவும் காரணம் இல்லாமல் போகும்.

அந்த ஒரு நாள் வண்டிகளை வேறு சாலையில் திருப்பிவிட முடியாதா? கால்நடைப் பாதைக்கு நாலு கைகாட்டி வைக்க முடியாதா? பெரிய செலவொன்றும் இல்லை.

வருகிறவர்கள் விசிறி கொண்டுவாருங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம். வழியில் தருவார்கள்.