நிலமும் பொழுதும் இழந்த பூக்கள்

பிறந்த மாதத்துக்கு ஒரு பூ, மாநிலத்துக்கு ஒரு பூ என்று ஒதுக்கித் தரும் வழக்கம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. முன்னது வாழ்த்து அட்டையிலும் நகைக்கடையிலும் பிழைக்கிறது. பின்னது போட்டித் தேர்வு வினாத்தாளில் பிழைக்கிறது. இரண்டுக்கும் ஆதரவாகச் சொல்ல நியாயங்கள் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. மாதப் பூவுக்கு நிலம் இல்லை. மாநிலப் பூவுக்குப் பொழுது இல்லை.

மாதப் பூவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜனவரிக்கு கார்னேஷனும் ஸ்னோடிராப்பும், மார்ச்சுக்கு டாஃபோடில், ஜூனுக்கு ரோஜா, நவம்பருக்குச் சாமந்தி என்று நீளும் இந்தப் பட்டியல் இங்கிலாந்து வழியாக நமக்கு வந்தது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் கற்பித்துப் பரிசளிக்கும் மோகம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்தது. சார்லோட் தெ லத்தூர் என்ற புனைபெயரில் 1819இல் பாரிசில் வெளியான மலர்மொழி நூல் அந்த மோகத்துக்குத் தூபம் போட்டது. விக்டோரியா காலத்து இங்கிலாந்து அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்தப் பட்டியலை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. இங்கிலாந்தில் பனி முற்றாக விலகும் முன்பே ஸ்னோடிராப் தலைகாட்டுகிறது. மார்ச்சில் டாஃபோடில் வயலோரத்தை மஞ்சளாக்குகிறது. அந்த ஊர்க்காரருக்கு அது கண்ணால் பார்த்த பருவம். கப்பலேறி வெளியே போனபோதுதான் பட்டியல் பொய்யானது. ஆஸ்திரேலியாவில் மார்ச் என்பது இலையுதிர் காலத்தின் தொடக்கம். ஊட்டியிலும் ஓசூரிலும் பசுமைக்குடிலில் வளரும் கார்னேஷனை எந்த மாதத்திலும் பூக்கடையில் வாங்கலாம். பன்னிரண்டு மாதமும் கிடைக்கும் பூவை ஜனவரிக்கு மட்டும் உரியதென்று சொல்வதில் என்ன பொருள் மிஞ்சுகிறது?

இதே வேலையை ஜப்பான் வேறு விதமாகச் செய்தது. ஹனஃபுதா எனும் சீட்டுக்கட்டில் மாதத்துக்கு நான்காக 48 சீட்டுகள். பிப்ரவரிக்கு ப்ளம், மார்ச்சுக்கு செர்ரி, செப்டம்பருக்குச் சாமந்தி, அக்டோபருக்கு மேப்பிள் இலை. பிறந்தவரின் குணத்தை அது சொல்வதில்லை. அந்த மண்ணில் பருவம் நகர்வதைச் சொல்கிறது. அதனால் அது சோதிடமாகாமல் தப்பியது.

இந்திய மாநிலப் பூக்களில் சில உண்மையிலேயே அருமையான தேர்வுகள். மணிப்பூரின் சிரோய் லில்லி உக்ருல் மாவட்டத்துச் சிரோய் மலையின் பூ. வேறு எங்கும் போய்க் கொண்டாட முடியாத அந்தப் பூவை அந்த மாநிலம் தனதென்று அறிவித்ததில் பொருள் இருக்கிறது. அசாமின் கபௌ ஆர்க்கிட் பிஹு ஆடும் பெண்களின் கொண்டையில் இருக்கிறது. தெலங்கானா தேர்ந்த தங்கேடு நம்முடைய ஆவாரம்பூதான். பதுகம்மா விழாவில் பூ அடுக்கும்போது அதற்கு முக்கிய இடம். இந்தப் பூக்களை அரசாணை உருவாக்கவில்லை. மக்கள் ஏற்கெனவே சூடியதை அரசு பின்னால் வந்து ஒப்புக்கொண்டது. மறுபுறம், தாமரை தேசிய மலராக இருக்கும்போதே கர்நாடகத்துக்கும் ஹரியானாவுக்கும் அதுவே மாநிலப் பூ. நாடு முழுவதற்கும் பொதுவான ஒன்று இந்த இரண்டு மாநிலங்களையும் எப்படித் தனித்துக் காட்டும்?

தமிழ் மரபு இந்த இடத்தில்தான் கூர்மையாக நிற்கிறது. மூவேந்தரின் அடையாளப் பூக்களைப் பாருங்கள்: சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. மூன்றில் எதையும் அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. போர்க்களத்தில் யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். படைக்கே போதுமான அளவு கிடைக்க வேண்டும். ஒரு சின்னத்துக்கு வேலை இருந்தது. திணைப் பூவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான். குறிஞ்சி என்றால் மலை மட்டுமல்ல, கூதிர்க்காலமும் யாமமும் கூட. முல்லை என்றால் காடு மட்டுமல்ல, கார்காலமும் மாலையும் கூட. மாதப் பட்டியலும் மாநிலப் பட்டியலும் பங்கு பிரித்துக்கொண்டதை ஒரே பூவில் கட்டிவைத்த ஏற்பாடு அது.

அந்த மரபையும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. இலக்கணம் இறுகியபின் பூ வாய்பாடாகிவிட்டது. ஐந்திணைக்கும் கருப்பொருளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவருக்கு நொச்சியையும் வெட்சியையும் செடியில் காட்டினால் தெரியாது. தேர்தல் முடிவு வந்ததும் வேட்பாளர் வாகை சூடினார் என்று எழுதுகிறோம். சாலையோரத்தில் நிற்கும் வாகை மரத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தள் இந்த வழக்கத்தின் பலம், பலவீனம் இரண்டையும் காட்டும். மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழும் பின்னோக்கி மேலெழுந்து, ஓரம் நெளிநெளியாக, தீ பற்றியதுபோல் நிற்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு; நாளாக ஆக முழுச் சிவப்பு. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அருகில் உள்ளதைப் பிடித்து ஏறும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலாவது இதுதான். தேர்வில் பழுதில்லை.

ஆனால் இதே செடி மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பணப்பயிர். பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு ஒரு பக்கமாக மடங்கி விலகி நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. எனவே காலையில் ஆட்கள் கொடி கொடியாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதையில் உள்ள கோல்ச்சிசின் கவுட் எனும் மூட்டு நோய்க்கு மருந்து. அளவு மீறினால் ஆளைக் கொல்லும் நஞ்சு. கிழங்கும் அப்படியே. மாநிலப் பூ என்று படம் வரைந்து பழகும் பிள்ளைக்கு அது எங்கே விளைகிறது, எந்த மாதம் பூக்கிறது, எதற்காக விற்கிறது, ஏன் வாயில் வைக்கக் கூடாது என்பவற்றில் ஒன்றையும் நாம் சொல்லித் தருவதில்லை. சின்னம் படத்தோடு நின்றுவிடுகிறது.

இதே பூ ஜிம்பாப்வேயின் தேசிய மலர். ஈழத்தமிழருக்கோ இது கார்த்திகைப்பூ. நவம்பர் இறுதியில், கொடி பூத்திருக்கும் காலத்தில், போரில் இறந்த மாவீரரின் நினைவோடு சேர்ந்து வருவது. அங்கே நிலமும் பொழுதும் துயரமும் ஒரே பூவில் கூடியிருக்கின்றன. அதனால்தான் அதை யாரும் பாடப்புத்தகம் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதே காரணத்தால் அங்கே அந்தப் பூ அரசியலாகவும் ஆகிவிட்டது. உயிருள்ள சின்னம் சச்சரவையும் கூடவே கொண்டுவரும். யாரையும் உறுத்தாத சின்னம் வேண்டுமென்றால் வினாத்தாளில் இருப்பதே போதும்.

என் கணிப்பு இதுதான். மாதப் பூப் பட்டியல் அது பிறந்த ஊருக்கு வெளியே வெறும் அலங்காரம். பரிசுப்பொருளாக இருக்கட்டும், பண்பாடு என்று அதற்கு மரியாதை தர வேண்டாம். மாநிலப் பூ என்ற ஏற்பாடு காப்பாற்றத் தக்கது, ஒரு நிபந்தனையோடு. ஒரு செடியைத் தன் சின்னம் என்று அறிவிக்கும் அரசு, அது காட்டில் இயல்பாக வளரும் இடங்களைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். பள்ளிகள் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, எந்த நிலத்தில், எந்த மாதத்தில் என்று கேட்கத் தொடங்க வேண்டும். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாதவரை, நம்மிடம் இருப்பது மாநிலப் பூவின் படம் மட்டுமே.