பெட்டி நம் வீட்டில், சாவி கடையில்

மயிலாடுதுறையில் இருக்கும் என் அம்மாவுக்கு 72 வயது. கண்புரை அறுவைக்குப் பிறகும் அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து அவருக்குச் சிரமமாகவே இருந்ததால் ஒரு மின்னூல் வாசிப்புக் கருவி வாங்கிக் கொடுத்தேன். அதில் முதலில் ஏற்றியது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. மதுரைத் திட்டம் இலவசமாகத் தரும் ஒருங்குறிப் பிரதியை எடுத்து, காலிபர் மென்பொருளில் மின்னூலாக மாற்றி, யுஎஸ்பி கம்பி வழியாக ஏற்றினேன். அடுத்து, அம்மா ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு புதிய நாவலை இணையக் கடையில் பணம் கட்டி வாங்கினேன். அவர் வைத்திருக்கும் எழுத்தளவில் ஒரு திரைக்குப் பத்து வரிதான் கொள்ளும். ஆனாலும் தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் கண் வலிக்காமல் படிக்கிறார்.

எதிர்வீட்டு வசந்தா அத்தைக்கும் மகன் அதேபோல ஒரு கருவி வாங்கி அனுப்பினான். “அக்கா, நீங்க படிச்ச ரெண்டையும் எனக்கும் ஏத்திக் குடுக்கச் சொல்லுங்க” என்று கேட்டார். பொன்னியின் செல்வன் இரண்டு நிமிடத்தில் ஏறிவிட்டது. நாவல் திறக்கவில்லை. அது என் கணக்கோடு பூட்டப்பட்ட நூல் என்று விளக்கினேன். “சரி, என்கிட்ட இருந்து எடுத்துடு. அவ படிச்சு முடிச்சதும் திருப்பித் தரட்டும்” என்றார் அம்மா. அதுவும் முடியாது என்றேன். “சும்மா கெடச்சதக் குடுக்கலாம், காசு குடுத்து வாங்குனதக் குடுக்க முடியாதா? இது என்னப்பா நியாயம்?”

அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. புதிதாக எந்தக் கருவி வந்தாலும் வாங்கிப் பழகிப் பார்க்கிறவன் நான். நூல், பாட்டு, படம், விளையாட்டு எதையும் பணம் கட்டித்தான் எடுக்கிறேன். இந்த டிஜிட்டல் விற்பனை முறை நமக்குக் கொடுத்திருப்பதையும் நம்மிடமிருந்து பறித்திருப்பதையும் நிறுத்துப் பார்க்க அம்மாவின் கேள்விதான் என்னைத் தூண்டியது.

முதலில் நிறைகள். அவை அற்பமானவை அல்ல. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவது ஒன்றே பலருக்கு வாசிப்பைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நூலகத்தில் பெரிய எழுத்துப் பதிப்பு தேடி அலையத் தேவையில்லை. எந்த நூலும் பெரிய எழுத்து நூலாகிவிடுகிறது. அடுத்து, தூரம் ஒரு பொருட்டே இல்லாமல் போனது. டொராண்டோவிலோ சிட்னியிலோ இருக்கும் தமிழருக்குப் புத்தகத்தின் விலையைவிடத் தபால் செலவு கூடுதலாக இருந்த காலம் உண்டு. 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த அமேசானின் கிண்டில் கருவியில் 2016 டிசம்பரில் தமிழ் நூல்களுக்கும் அதிகாரபூர்வமாக இடம் கிடைத்த பிறகு, சென்னையில் வெளியான அன்றே அங்கும் படிக்க முடிகிறது.

எழுத்தாளருக்கும் ஆதாயம் உண்டு. அச்சு நூலுக்கு உரிமைத்தொகை பெரும்பாலும் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அமேசானின் நேரடிப் பதிப்பில் 35 அல்லது 70 விழுக்காடு கிடைக்கும். பதிப்பாளர் வாசலில் காத்து நிற்காமலே நூல் வெளியிட்டவர்கள் இதனால் தமிழில் பெருகியிருக்கிறார்கள். இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு வேண்டுமானால் அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது என்று 90 நாள் தவணைகளாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

கடை நமக்காகக் காவல் காக்கிறது என்பது இன்னொரு நிறை. என் ஹார்ட் டிஸ்க் ஒருமுறை கெட்டுப்போனபோது குடும்பப் படங்கள் பல போயின. வாங்கிய மின்னூல்கள் மட்டும் ஒன்று விடாமல் திரும்ப வந்தன.

அந்தக் காவலுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? டி.ஆர்.எம். எனப்படும் டிஜிட்டல் பூட்டின் வேலை எளியது. நூலின் எழுத்துகளைச் சங்கேதமாக்கிக் கோப்பில் அடைத்து அனுப்புகிறார்கள். அதைத் திறக்கும் சாவி நம் கணக்கோடும் கருவியோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. கணக்கு முடக்கப்பட்டாலோ, கடை சாவி கொடுப்பதை நிறுத்தினாலோ, கையில் எஞ்சுவது பொருளற்ற எண்குவியல். பெட்டி நம் வீட்டில் இருக்கிறது, சாவி கடைக்காரர் இடுப்பில் இருக்கிறது. ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தி நாம் பெறுவது நூலை அல்ல, கடை விதிக்கும் நிபந்தனைகளின்படி அதைப் படிக்க ஓர் உரிமம் மட்டுமே.

இது வெறும் அச்சம் அன்று. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ இரண்டையும் அமேசான் வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தபடியே நீக்கியது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு அமெரிக்காவில் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பக் கிடைத்தது. அமேசானின் அன்றைய தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஆனால் பாடத்துக்காகப் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு மாணவருக்கு, நூல் மறைந்ததும் அந்தக் குறிப்புகள் எதைப் பற்றியவை என்பதே தெரியாமல் போனது. அவர் வழக்குத் தொடுத்தார். காகிதப் புத்தகத்தில் உரிமைச் சிக்கல் வந்தால் விற்றவர்மீது வழக்குப் போடுவார்களே தவிர, வாங்கியவர் வீட்டு அலமாரியைத் திறந்து யாரும் எடுத்துப் போவதில்லை.

2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. ஜூலையில் வாடிக்கையாளர்களின் நூல்கள் திறப்பது நின்றது. பணம் முழுவதையும் திருப்பித் தந்தார்கள். ஓரங்களில் குறிப்பெழுதியவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். ஒரு நிறுவனம் இதைவிட நாணயமாகக் கடையை மூட முடியாது. அத்தனை நாணயம் இருந்தும் நூல்கள் போய்விட்டன என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் மக்கள் வாங்கியிருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகள் ஆண்டிறுதியோடு நீக்கப்படும் என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பி, புதிய ஒப்பந்தம் போட்ட பிறகே அந்த முடிவு கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரி 26 அன்று, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கிண்டிலுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்தியது.

எனக்கும் ஒரு அடி விழுந்திருக்கிறது. ஒரு கடையில் பல ஆண்டுகளாகப் பழைய பாடல்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிச் சேர்த்தேன். சேவை முடிகிறது என்று ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. குறித்த நாளுக்குப் பிறகு, போனில் இருந்த பாடல்களின் பெயர்கள் மட்டும் பட்டியலாகத் தெரிந்தன, தொட்டால் பாடவில்லை. அப்பா 1980களில் வாங்கிய கேசட்டுகளோ, நாடாவை ஒருமுறை துடைத்து மாட்டினால் இன்றும் பாடுகின்றன.

இவையெல்லாம் தனி மனிதர்களின் இழப்புகள். சமூகத்துக்கு வரப்போகும் இழப்பு இதைவிடப் பெரிது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது ஓர் ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிறவர் எவரும் அதன் படியேறாமல் இருக்க முடியாது. ஒரு மனிதர் தன் காசில் வாங்கியது அவருக்கே சொந்தமாக இருந்தது. அவருக்குப் பின் குடும்பத்துக்குப் போனது. குடும்பம் அதை விற்க முடிந்தது. இந்த மூன்று கண்ணிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் அந்த நூலகம் இல்லை. இன்று மின்னூல்களாகவே வாங்கிக் குவிக்கும் ஒருவரின் கணக்கை, கடைகளின் பொதுவான நிபந்தனைப்படி, பிள்ளைக்குக்கூட மாற்றித் தர முடியாது. நம் காலத்து ரோஜா முத்தையாக்கள் இறக்கும்போது அவர்களுடைய நூலகங்களும் உடன் இறக்கும்.

பதிப்பாளர் பக்க நியாயத்தையும் கேட்டாக வேண்டும். சில நூறு பிரதிகள் விற்பதே பெரும்பாடாக இருக்கும் தமிழ்ப் பதிப்புத் துறையில், நூல் வந்த வாரமே அதன் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுவதைப் பார்த்தால் வயிறு எரியாதா? டிஜிட்டல் பிரதி தேய்வதில்லை, கிழிவதில்லை. பழைய பிரதியும் புதியதும் ஒன்றே. 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் ஏறக்குறைய இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் உரிமையாளரின் இசைவில்லாமல் மின்னூலை மறுவிற்பனை செய்யக் கூடாது என்றது. வசந்தா அத்தைக்கு நான் நகல் எடுத்துக் கொடுத்து, அம்மாவிடமும் ஒன்று இருந்தால், அது இரவல் ஆகாது. நாவலாசிரியருக்கு நான் செய்யும் இழப்புதான்.

ஆனால் பூட்டு அந்தத் திருட்டைத் தடுக்கிறதா? டெலிகிராமில் சுற்றும் தமிழ் பிடிஎஃப்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் கோணலான பக்கம், நடுமடிப்பின் நிழல், சிலவற்றில் பிடித்த விரலின் நுனிகூடத் தெரியும். அவை காகிதப் புத்தகத்தைப் படமெடுத்தவை. மின்னூலுக்குப் போட்ட பூட்டு அங்கே குறுக்கே வரவே இல்லை. பணம் கட்டி வாங்கியவரைத்தான் அது மறிக்கிறது.

பூட்டைக் கழற்றினால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சத்துக்கும் அனுபவம் பதில் சொல்லியிருக்கிறது. 2003இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை பூட்டிய பாடல்களோடுதான் திறந்தது. பூட்டை விட்டொழிக்க இசை நிறுவனங்கள் சம்மதிக்க வேண்டும் என்று 2007இல் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகக் கேட்டார். 2009இல் அங்கே விற்ற பாடல்கள் அனைத்தும் பூட்டில்லாமல் கிடைக்கும் என்ற அறிவிப்பு வந்தது. இசை விற்பனை அதனால் அழிந்துவிடவில்லை. அறிவியல் புனைகதைகளுக்குப் பெயர்பெற்ற டோர் பதிப்பகம் 2012இல் மின்னூல்களின் பூட்டைக் கழற்றியது. திருட்டுப் பிரதிகள் குறிப்பிடும்படி கூடவில்லை என்று அதன் பிரிட்டன் கிளை ஓராண்டு கழித்துச் சொன்னது.

தமிழர்களாகிய நமக்குப் பூட்டுக்கு அஞ்ச இன்னொரு காரணமும் உண்டு. ஒருங்குறி பரவும் முன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் உருத்தெரியாத குப்பையாகக் காட்சி தரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அந்தக் காலத்துப் பிள்ளை. அதன் நூல்கள் மயிலை எழுத்துருவில் தொடங்கி, திஸ்கி குறியாக்கத்துக்கு மாறி, பிறகு ஒருங்குறிக்கு வந்தன. கோப்புகள் திறந்து கிடந்ததால்தான் மாற்ற முடிந்தது. அவற்றை அன்று யாராவது பூட்டி விற்றிருந்தால், அம்மா கையில் இன்று பொன்னியின் செல்வன் அந்த வடிவில் இருந்திருக்காது. குறியாக்கமும் கோப்பு வடிவமும் இனியும் மாறும். மாற்றிக் காப்பாற்ற அனுமதிக்கும் நூல்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

சட்டம் மெல்ல நகர்கிறது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கடை திரும்பப் பறிக்கக்கூடிய டிஜிட்டல் பொருளை, அது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று விற்கக் கூடாது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. பூட்டுக்குக் காவல் இருக்கிறது, சரி. விற்பது பூட்டப்பட்ட பொருள் என்று வாங்குகிறவருக்குச் சொல்லும் அறிவிப்பைத்தான் இங்கே பொத்தான் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

என் முடிவு இது. வாடகை முறை தவறல்ல. மாதம் பணம் கட்டிப் பாட்டுக் கேட்கிறேன், படம் பார்க்கிறேன். அது வாடகை என்று எனக்கும் தெரியும், கடைக்கும் தெரியும். வாடகையை விற்பனை என்று சொல்லி முழு விலை வாங்குவதுதான் தவறு. விற்பனை என்றால் வைத்துக்கொள்ளவும், ஒரு நேரத்தில் ஒருவருக்கு இரவல் தரவும், பிள்ளைக்கு விட்டுப்போகவும் முடிய வேண்டும். நகல் பெருகக் கூடாது என்ற பதிப்பாளரின் கவலையை இந்த மூன்றும் மீறவில்லை. அதுவரை வாசகராக நான் பூட்டில்லாமல் விற்கும் இடம் இருந்தால் அங்கேயே வாங்குகிறேன். நேரடிப் பதிப்பில் நூல் வெளியிடும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பதிவேற்றும்போது டி.ஆர்.எம். வேண்டுமா என்று உங்களைத்தான் கேட்கிறார்கள். வேண்டாம் என்று குறியுங்கள்.

அம்மாவின் கேள்விக்குப் பிறகு அந்த நாவலின் அச்சுப் பிரதியைக் கடையில் வாங்கி வந்தேன். அம்மா முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதி வசந்தா அத்தையிடம் கொடுத்தார். போன மாதம் ஊருக்குப் போனபோது அத்தை திண்ணையில் வெயில் படும் பக்கமாக உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வரிவரியாக நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தார். பெரிய எழுத்தில் காட்டும் கருவி உள்ளே மேசைமேல் இருந்தது.

“கண்ணு வலிக்கலையா அத்தை?” என்றேன்.

“வலிக்குதுதான். ஆனா நான் முடிச்சதும் மூணாவது வீட்டு மீனா கேட்டிருக்காளே” என்றார்.