வரைபுகளில் தாய்மரணம்: ஒரு விமர்சன நோக்கு

புள்ளிவிபரத்தைப் படமாக்கிக் காட்டுவோர் தமக்கு முன்னோடியாகப் புளோரன்ஸ் நைற்றிங்கேலைக் கொள்வர். 1858இல் அவர் வெளியிட்ட வட்டப்படம், கிறிமியப் போரிலே காயங்களால் மாண்ட படையினரைச் சிவப்பாலும், தவிர்த்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டோரை நீலத்தாலும் காட்டிற்று. நீலத்தின் பரப்பைக் கண்டவர்க்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை. அவரே 1871இல் மகப்பேற்று நிலையங்களில் நிகழும் தாய்மரணம் பற்றியும் ஒரு நூல் எழுதினார். மருத்துவிச்சியாயிருந்த சோக்கிரதீசின் தாய்க்கு அதனைக் காணிக்கையாக்கினார் என்பது சுவையான செய்தி. ஆனால் படைவீரருக்குக் கிடைத்தது போன்ற உலகறிந்த படமெதுவும் அந்நூலிலிருந்து தாய்மாருக்குக் கிடைக்கவில்லை.

வியன்னாப் பொது வைத்தியசாலையின் வரலாறு இதனினும் கூரியது. அங்கிருந்த இரு மகப்பேற்றுப் பிரிவுகளுள் முதலாவதில் மருத்துவ மாணவரும், இரண்டாவதில் மருத்துவிச்சிப் பயிற்சி பெறுவோரும் பணியாற்றினர். நாள்மாறி நாள் சேர்க்கை நடைபெற்றமையால் இரு பிரிவுகளுக்கும் வந்தோர் ஒரே வகையினரே. 1846இல் முதற்பிரிவில் 4010 பிரசவங்களில் 459 தாய்மார் இறந்தனர். இரண்டாவதில் 3754இல் 105 பேர். பிரேத பரிசோதனை செய்த கைகளோடு பிரசவம் பார்த்தமையே காரணமெனக் கண்ட செமெல்வைஸ், 1847 மே மாதத்தில் குளோரின் கரைசலிற் கைகழுவும்படி பணித்தார். ஏப்ரலில் 18.3 வீதமாயிருந்த இறப்பு யூனில் 2.2 வீதமாயிற்று.

இதனை இரு கோடுகளாக வரைந்தால் அரைப்பக்கத்தில் அடங்கும். அவரோ 1861இல், அட்டவணைகளும் கசப்பான வாதங்களும் நிறைந்த பெருநூலொன்றை எழுதினார். எனினும், வரைந்திருந்தால் மருத்துவருலகம் உடனே ஏற்றிருக்கும் எனக் கருதுவது பேதைமை. நைற்றிங்கேலின் நீலம் சுட்டியது படைமுகாமின் துப்புரவின்மையை. செமெல்வைசின் எண்கள் சுட்டியதோ அவற்றைப் பார்ப்பவரின் கைகளையே. முதற்பிரிவிற் சேர்க்கவேண்டாமென மன்றாடிய பெண்களுக்கு அட்டவணையும் தேவைப்படவில்லை, வரைபும் தேவைப்படவில்லை.

இங்கு நாம் கருதவேண்டியது வேறொன்று. அவ்விரு பிரிவுகளையும் கூட்டிச் சராசரி கண்டிருந்தால் 1846க்கு ஏறத்தாழ 7 வீதம் என்ற ஓர் எண்ணே எஞ்சியிருக்கும். உண்மை அதனுள் மறைந்திருக்கும்.

இலங்கையின் தாய்மரண வரைபு உலக அரங்கிற் பாராட்டப்படுவது. 1930களில் இலட்சம் பிறப்புகளுக்கு 2000ஐத் தாண்டி நின்ற கோடு இன்று 50க்கும் கீழே இறங்கியுள்ளது. மலேரியாக் கட்டுப்பாடும், இலவச வைத்தியமும், வீடு வீடாய்ச் சென்ற மருத்துவமாதரின் உழைப்பும் அதிலே பொதிந்துள்ளன. ஆயினும் மேடைகளிலே பெருமையுடன் காட்டப்படுவது பெரும்பாலும் நாடு முழுமைக்குமான ஒற்றைக் கோடே. மலையகத் தோட்டத்து லயத்திலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் தாயும் கொழும்பு நகரத்துத் தாயும் அக்கோட்டிலே ஒருவராகிவிடுகின்றனர். தோட்டத்துக்கு ஒன்று, வன்னிக்கு ஒன்று, தலைநகருக்கு ஒன்று எனக் கோடுகளைப் பிரித்து வரைந்தாலே அது நம்மிடம் வினா எழுப்பும். ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் நிகழும் தாய்மரணங்கள் சிலவேயாதலால் அத்தகைய கோடு ஆண்டுதோறும் ஏறியிறங்கித் துள்ளும் என்பது மெய்யே. ஆண்டுகள் ஐந்தைச் சேர்த்துக் கணித்தால் அத்துள்ளல் பெரிதும் அடங்கும்.